ஆகாயச் சீலா

1937-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதியன்று அமெரிக்காவில், நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த பஃபலோ நகரில், ஒரு விசித்திரமான விமானம் முதல் தடவையாக ஆகாயத்தில் கிளம்பிற்று. அதை ஓட்டியவர் அமெரிக்க ராணுவ விமானப் படையைச் சேர்ந்த பெஞ்சமின் கெல்ஸி என்ற லெப்டினண்ட். இரண்டு எஞ்சின்கள், ஐந்து ஆட்களுக்கு இடம், இறக்கையின் நுனிக்கு நுனி ஏறக்குறைய 70 அடி. எஞ்சினுக்கு முன்னால் விசிறி இருப்பதே அந்நாளைய விமானங்களில் வழக்கம். இதிலோ இரண்டு விசிறிகளும் இறக்கைக்குப் பின்புறத்தில் இருந்துகொண்டு விமானத்தை முன்னே தள்ளின. விசிறி இருக்கவேண்டிய முன்பக்கத்தில், இரு இறக்கைகளிலும், கண்ணாடி பதித்த கூடு ஒவ்வொன்று இருந்தது. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு சிப்பாயும் 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சிப்பாய்க்கு எதிரே ஆகாயம். முதுகுக்குப் பின்னால் ஆயிரம் குதிரை சக்திக்கு மேற்பட்ட எஞ்சின். அதற்கும் பின்னால் சுழலும் விசிறி.

இதைச் செய்த பெல் கம்பெனியார் இதற்கு ‘ஏராகூடா’ என்று நாமகரணம் செய்தார்கள். ஆகாயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ‘பாரகூடா’ என்ற மீனின் பெயரையும் ஒட்டவைத்த பெயர் இது. நம் கடற்கரையில் வலை வீசுகிறவர்கள் சீலா என்று அழைக்கும் அந்த மீன், நீண்ட உடலும் கூரிய பற்களும் உடையது. பிற மீன்களைத் துரத்திப் பிடித்துத் தின்பது. ஆகாயத்தில் வரும் குண்டு விமானங்களை இந்த யந்திரமும் அவ்விதமே துரத்தி அழிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மொத்தம் செய்யப்பட்டவை 13. அவற்றில் ஒன்றேனும் எந்தப் பகைவனையும் நோக்கி ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

அப்படியானால் அதைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். மூடர்கள் செய்த மூடக் காரியமாக இருந்தால் எழுதவேண்டியதில்லைதான். ஆனால் ஏராகூடாவைக் கேட்டவர்களும் மூடர்களல்ல; செய்தவர்களும் மூடர்களல்ல. ஒவ்வொரு படியிலும் நியாயமாகத் தோன்றிய யோசனைகளே கடைசியில் ஒரு மனிதனைக் கொண்டுபோய் விசிறிக்கு முன்னால் உட்காரவைத்தன. அது எப்படி நேர்ந்தது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

முதல் மகாயுத்தத்துக்கும் இரண்டாவது மகாயுத்தத்துக்கும் இடைப்பட்ட 20 வருஷ காலத்தில் உலகத்தைப் பிடித்து ஆட்டிய பயம் ஒன்று உண்டு. அது குண்டு விமானத்தைப் பற்றிய பயம். இத்தாலிய ஜெனரல் டூஹே 1921-ல் வெளியிட்ட நூலில், இனி யுத்தங்கள் ஆகாயத்திலேயே தீரும் என்றும், நகரங்களின் மீது குண்டு மாரி பொழிந்தால் எந்த தேசமும் பணிந்துவிடும் என்றும் வாதித்தார். பிரிட்டனில் பால்ட்வின் 1932-ம் வருஷம் நவம்பரில் காமன்ஸ் சபையில் பேசும்போது, எவ்வளவு தடுத்தாலும் குண்டு விமானம் எப்படியும் உள்ளே புகுந்தே தீரும் என்று சொன்னது ஐரோப்பா முழுவதும் எதிரொலித்தது. 1937 ஏப்ரலில் ஸ்பெயின் தேசத்து குவெர்னிகா நகரம் தீக்கிரையாயிற்று. அதே ஆகஸ்டில் ஷாங்காய் நகரத்துத் தெருக்களில் குண்டுகள் விழுந்தன. மேலே கண்ட செப்டம்பர் 1-ந் தேதிக்கு இரண்டு வாரங்களுக்கு முன் நடந்தது அது.

அமெரிக்கர்களுடைய பயத்துக்கு அவர்களே செய்த ஒரு விமானமும் காரணமாயிற்று. போயிங் கம்பெனியார் 1935-ல் நான்கு எஞ்சின்களுடன் ஒரு பெரிய குண்டு விமானத்தைச் செய்தார்கள். பின்னர் ‘பறக்கும் கோட்டை’ என்று பிரசித்தி பெற்றது அதுவே. அந்த வருஷம் ஆகஸ்டில் அது ஸீயாட்டில் நகரத்திலிருந்து ஒஹையோ ராஜ்யத்தில் உள்ள டேட்டன் வரையில் சுமார் 2,100 மைலை எங்கும் இறங்காமல் ஒன்பது மணி நேரத்தில் கடந்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 236 மைல். அப்போது அமெரிக்க ராணுவத்தின் முன்வரிசையில் இருந்த ஒற்றையாள் சண்டை விமானத்தின் வேகம் சுமார் 234 மைல்! யானையைத் துரத்தப் போன நாய் யானைக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கதியாயிற்று. துரத்திப் பிடித்தாலும் அதிலிருந்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளால் அவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்ய முடியும்?

நம்மால் இப்படிப்பட்ட விமானத்தைச் செய்ய முடிந்தால் நாளை பகைவனாலும் செய்ய முடியும். அப்போது நம்மைக் காப்பது எது? இதுவே அமெரிக்க விமானப் படைத் தலைவர்களை வாட்டிய கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிவந்து நியூயார்க்கின் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பக்கூடிய விமானம் அப்போது எந்தப் பகைவனிடமும் இல்லை. வராத பகைவனுக்காக, அவன் இப்படித்தான் வருவான் என்று ஊகித்து, அந்த ஊகத்துக்குத் தக்க ஆயுதம் தேடினார்கள். குண்டு விமானங்கள் துணையில்லாமல் கூட்டமாக வரும். அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே இருக்கும். ஆகையால் அந்தத் துப்பாக்கிகளுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு பீரங்கியால் சுட்டு வீழ்த்தவேண்டும். இதுதான் கணக்கு. துணை விமானங்கள் கூட வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்தக் கணக்கில் சேரவில்லை.

இதற்காக ராணுவத்தார் யோசனைகளை வரவழைத்தபோது லாக்ஹீட் கம்பெனியும் பெல் கம்பெனியும் போட்டியிட்டன. பெல் வென்றது. கம்பெனி தொடங்கியே அதிக காலம் ஆகவில்லை. பஃபலோவிலிருந்த கன்ஸாலிடேட்டட் என்ற பெரிய விமானக் கம்பெனி 1935-ல் தன் தொழிற்சாலையைக் கலிபோர்னியாவுக்கு மாற்றிக்கொண்டது. அதன் அதிகாரிகளில் ஒருவரான லாரன்ஸ் பெல் ஊரைவிட்டுப் போக விரும்பாமல் அங்கேயே தங்கிச் சொந்தத்தில் ஆரம்பித்த தொழில் இது. ராபர்ட் வுட்ஸ் என்ற திறமைசாலியான நிர்மாண நிபுணர் அவருடன் தங்கினார். சொந்தமாக ஒரு விமானமும் செய்து பெயரெடுக்காத புதுக் கம்பெனி, பெரிய கம்பெனிகள் துணியாத ஒன்றைச் செய்து காட்டினால்தான் பிழைக்கும். ஆகவே அவர்கள் துணிந்தார்கள். அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை.

யந்திரத்தைக் காகிதத்தில் பார்த்தால் எவரும் மயங்கிப் போவார்கள். விமானி ஒருவர், அவருக்குத் துணையாக இருப்பவர் வழியும் கணிப்பார், பீரங்கிகளுக்குக் குறியும் பார்ப்பார். அவருடைய குறிபார்க்கும் கருவி மின்சாரத்தால் இயங்கி இரு கூடுகளிலும் உள்ள பீரங்கிகளை ஒரே இலக்கை நோக்கித் திருப்பும். நடுவில் ரேடியோக்காரர், பின்புறத்துப் பாதுகாப்பும் அவருடையதே. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 110 ரவைகள். வயிற்றில் சிறு குண்டுகளைக்கூட ஏற்றிச் செல்லலாம். ‘பறக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கி மேடை’ என்பதுபோல் கம்பெனியார் வர்ணித்தார்கள்; அந்த வர்ணனையில் பொய் ஒன்றும் இல்லை. குறியைத் துணை விமானி பார்த்துக்கொண்டால் கூட்டுக்குள் இருக்கும் சிப்பாய்க்கு என்ன வேலை? பீரங்கிக்கு ரவை போட்டுக் கொடுப்பதே அவனுக்கு முக்கியமான வேலை! அவசியமானால் அவனும் குறிபார்த்துச் சுடலாம். ஆனால் ரவை திணிப்பதற்கு ஒரு யந்திர ஏற்பாடு சரியாக அமைந்திருந்தால் அவன் அந்த இடத்தில் இருக்கவே வேண்டியதில்லை. இதை அப்போது யாரேனும் உரக்கச் சொல்லியிருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

உலகில் எந்தச் சண்டை விமானமும் அதைப்போல் இல்லை. ஆகையால் பத்திரிகைகளில் அதன் படம் வந்தவண்ணம் இருந்தது. விசித்திரமான படம் கிடைத்தால் விசாரணையை ஒத்திவைப்பது பத்திரிகைக்காரர்களாகிய நம்முடைய பழைய வியாதி. அது அமெரிக்காவில் மட்டும் உள்ளதல்ல. ராணுவத்தாரும் முதல் விமானத்தின் குறைகள் தீர்வதற்குக் காத்திராமல் மேலும் 12 விமானங்களுக்கு உத்தரவிட்டார்கள். அவை 1940-க்குள் வந்து சேர்ந்தன. சேரச் சேரக் குறைகளும் கூடவே வந்தன.

முதலாவது வேகம். குண்டு விமானத்தைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே பிறந்த ஏராகூடாவால் மணிக்கு 277 மைலுக்குமேல் போகமுடியவில்லை. அது பாரம் 18,000 ராத்தல் அளவில் உள்ள விமானம். அந்நாளைய ஒற்றையாள் சண்டை விமானத்தைப்போல் மூன்று பங்கு. இதற்குள் போயிங் கோட்டைகள் சும்மா இருக்கவில்லை. 1940-ல் வெளிவந்த கோட்டைகள் உயரத்தில் 300 மைல் வேகத்தைத் தாண்டிவிட்டன. தன் நாட்டுக் குண்டு விமானத்தையே பிடிக்க முடியாத வேட்டைக்காரன் அயல்நாட்டானைப் பிடிப்பது எவ்விதம்?

இரண்டாவது சூடு. விசிறி பின்னால் இருந்தபடியால், விமானம் தரையில் நிற்கும்போது எஞ்சினைக் குளிர்விக்கப் போதிய காற்று கிடைக்கவில்லை. ஓடுபாதைக்குச் சொந்த சக்தியில் உருண்டு போனால் அதற்குள் எஞ்சின் கொதித்துவிடும். ஆகவே ஏராகூடாவை வேறு வண்டியைக் கொண்டு இழுத்துச் சென்று ஓடுபாதையில் நிறுத்தி, கிளம்ப வேண்டிய தருணத்தில்தான் எஞ்சினை முடுக்க வேண்டியிருந்தது. பகைவன் வருகிறான் என்று செய்தி கேட்டவுடன் பாய்ந்து கிளம்ப வேண்டிய சண்டை விமானம், தேரைப்போல் இழுத்துக்கொண்டு போவோருக்காகக் காத்திருந்தது! ஆகாயத்தில் ஏறிய பிறகும் அந்தச் சூடு முற்றும் தணியவில்லை.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் விபரீதமானது. சாதாரண விமானங்களில் பெட்ரோல் பம்பு, நீரழுத்தக் கருவிகள், மின்சாரம் ஆகியவற்றுக்கு வேண்டிய சக்தியை அவற்றின் எஞ்சின்களே தரும். ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்று கைகொடுக்கும். ஏராகூடாவில் இவையெல்லாம் விமானத்தின் வயிற்றில் பொருத்திய ஒரே ஒரு சிறு பெட்ரோல் எஞ்சினையும் அதனால் ஓடும் ஜெனரேட்டரையும் நம்பியிருந்தன. அது அடிக்கடி நின்றது. நின்றால் பெரிய எஞ்சின்களுக்குப் பெட்ரோல் தள்ளுவதற்குச் சக்தியில்லை. இறக்கையின் தடுப்புப் பலகைகளை இறக்க முடியாது. சக்கரங்களுக்குத் தடை போட முடியாது. இரண்டாயிரம் குதிரைகள் பூட்டிய ரதத்தின் கடிவாளம் ஒரு சிறு கழுதையின் கழுத்தில் கட்டியிருந்தது என்றால் அது மிகையாகாது. புதிதாக எல்லாவற்றையும் மின்சாரமயமாகச் செய்யவேண்டும் என்ற உற்சாகத்தில் நேர்ந்த பிழை இது. இரண்டாவது ஜெனரேட்டர் ஒன்று வைத்தால் பாரம் கூடும் என்று யோசித்திருக்கலாம். ஐந்து உயிர்களின் பாரம் எவ்வளவு என்று யோசித்ததாகத் தோன்றவில்லை.

கூட்டுக்குள் இருக்கும் சிப்பாயின் விஷயத்துக்கு வருவோம். பீரங்கி வெடித்ததும் புகை அந்தச் சிறு கூட்டை நிறைத்தது. சுட்ட பகைவனைக் காண்பதற்கு முன் சுட்டவன் மூச்சுத் திணறினான். அதையாவது பொறுக்கலாம். விமானத்துக்கு ஆபத்து நேர்ந்தால் அவன் என்ன செய்வது? மற்ற விமானங்களில் பாரஷூட்டுடன் குதிக்கலாம். ஏராகூடாவின் கூட்டிலிருந்து குதிப்பவனுக்குப் பின்னால் விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. இதை நிபுணர்கள் மறந்துவிடவில்லை; பரிகாரமும் கண்டுபிடித்தார்கள். விசிறிகளை வெடிமருந்து வைத்த ஆணிகளால் பொருத்தி, ஆபத்துக் காலத்தில் வெடிக்கச் செய்து விசிறியையே கழற்றி எறிந்துவிடலாம் என்றார்கள். சுழலும் விசிறியைத் தாங்கும் அச்சில் வெடிமருந்து! அந்தக் கூட்டுக்குள் உட்காரவேண்டியவனுக்கு இந்தப் பரிகாரம் எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கும் என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளட்டும். நிபுணர்கள் பீரங்கியை எங்கே வைத்தால் நன்றாகச் சுடும் என்று முதலில் முடிவு செய்தார்கள். பீரங்கி இருக்குமிடத்தில் ஆளை வைத்தார்கள். ஆள் தப்புவது எப்படி என்பதைக் கடைசியில் யோசித்தார்கள். வரிசை தலைகீழாக இருந்தபடியால் பரிகாரமும் அப்படியே அமைந்தது.

பறக்கும்போதும் அதன் குணம் நம்பத்தக்கதாயில்லை. சோதனை விமானியான ஜான் ஸ்டிரிக்லர் ஒரு சமயம் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழ்நோக்கிப் பாய்ந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மற்ற எஞ்சினையும் அடக்கினால் ஒழிய விமானத்தை நிமிர்த்த முடியவில்லை. மற்றொரு சமயம் அவரும் பிரையன் ஸ்பார்க்ஸ் என்ற விமானியும் சேர்ந்து பறந்தார்கள். விமானம் சுழன்று விழத் தொடங்கிற்று. சுழற்சியிலிருந்து மீண்டபோது வாலில் உள்ள திசைதிருப்பும் பலகை ஒரு பக்கமாகத் திரும்பி இறுகிவிட்டது. மிதிகட்டையை எவ்வளவு மிதித்தும் அது அசையவில்லை. இரண்டு எஞ்சின்களையும் நிறுத்திவிட்டு இருவரும் குதித்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். முதலில் ஸ்பார்க்ஸ் குதித்தார். குதித்தவர் அந்தத் திசைப்பலகையின் மீதே மோதினார். அவருடைய கால்கள் முறிந்தன. ஆனால் மோதிய அதிர்ச்சியில் இறுகியிருந்த பலகை விடுபட்டது! உள்ளேயிருந்த ஸ்டிரிக்லர் குதிக்காமல் விமானத்தை ஒருவாறு அடக்கி, உழுது போட்டிருந்த ஒரு குடியானவனின் வயலில் கொண்டுபோய் இறக்கினார். நண்பனுடைய எலும்பு முறிந்து தன் உயிர் பிழைத்ததைப் பற்றி அவர் பின்னாளில் எத்தனை தடவை எண்ணியிருப்பாரோ!

இந்தக் குறைகளெல்லாம் காலப்போக்கில் தீர்ந்திருக்கலாம் என்று வாதிப்போர் இருக்கக்கூடும். தீர்ந்திருந்தாலும் பயனில்லை என்பதை ஐரோப்பிய யுத்தம் காட்டிவிட்டது. ஜெர்மானியர்களும் இரண்டு எஞ்சின் உள்ள கனத்த சண்டை விமானம் ஒன்று வைத்திருந்தார்கள். ‘மெஸ்ஸர்ஷ்மிட் 110’ என்ற அது ஏராகூடாவைவிடச் சிறியது, வேகமானது, பல வகையிலும் மேலானது. அதை அவர்கள் பெருமையோடு 1940 கோடையில் இங்கிலாந்தின் மீது அனுப்பினார்கள். பிரிட்டிஷாரின் ஒற்றையாள் ஸ்பிட்பயர்களும் ஹரிக்கேன்களும் அதை வேட்டையாடின. குண்டு விமானங்களுக்குத் துணையாகச் சென்ற அதற்கே வேறு துணை தேவைப்பட்டது. பகல் யுத்தத்தில் வளைந்து திரும்ப முடியாத கனத்த விமானம், லேசான விமானத்தின் முன் நிற்க முடியாது. பின்னர் அதே மெஸ்ஸர்ஷ்மிட் இரவு நேரங்களில், துணையில்லாமல் வந்த பிரிட்டிஷ் குண்டு விமானங்களை ஏராளமாக வீழ்த்திற்று என்பதையும் நாம் சொல்லவேண்டும். அமெரிக்க நிபுணர்கள் போட்ட கணக்கு இருட்டில் ஓரளவு சரியாக வந்தது. அவர்கள் போட்டதோ பகலுக்கு.

ஜெர்மானியர்கள் யுத்தகளத்தில் கற்றதை அமெரிக்கர்கள் பெரும்பாலும் சோதனைக் களத்திலேயே கற்றார்கள். முதல் தடவை ஏராகூடாவை ஓட்டிய கெல்ஸி வெறும் விமானி மட்டுமல்ல. படித்த பொறியியல் நிபுணர். ரைட் பீல்டில் சண்டை விமானங்களின் அபிவிருத்தியைக் கவனித்தவர். ஏராகூடா ஆகாயத்தில் கிளம்புவதற்கு முன்பே, 1937-ம் வருஷத் தொடக்கத்தில், அவரும் கார்டன் ஸாவில் என்ற மற்றொரு அதிகாரியும் சேர்ந்து வேறுவிதமான விமானங்கள் வேண்டுமென்று கம்பெனிகளுக்கு யோசனை அனுப்பினார்கள். சண்டை விமானத்தில் 500 ராத்தலுக்குமேல் ஆயுதம் ஏற்றக்கூடாது என்று அப்போது ராணுவத்தில் ஒரு விதி இருந்தது. அந்த விதியோடு மல்லுக்கு நிற்காமல், தாங்கள் கேட்பது சண்டை விமானமே அல்ல, ‘இடைமறிக்கும்’ விமானம் என்று புதுப்பெயர் வைத்து இரட்டிப்பு ஆயுதத்துக்கு வழி செய்துகொண்டார்கள். சர்க்கார் காரியாலயங்களில் பழகியவர்கள் இந்த யுக்தியின் அருமையை அறிவார்கள்.

அந்த யோசனையிலிருந்து பிறந்தவை இரண்டு. ஒன்று லாக்ஹீட் கம்பெனியின் ‘லைட்னிங்’. ஏராகூடாவில் இருந்த அதே அல்லிஸன் வகை எஞ்சின்கள்தான் இதிலும் இரண்டு இருந்தன. ஆனால் ஐந்து பேருக்குப் பதில் ஒரே மனிதன்; துப்பாக்கிகள் எல்லாம் அவனுக்கு எதிரே மூக்கில்; விசிறிகள் முன்னால். 1939 ஜனவரியில் இதையும் முதலில் ஓட்டியவர் கெல்ஸியே. மணிக்கு 400 மைலைத் தாண்டிய இந்த விமானம் சுமார் பத்தாயிரம் செய்யப்பட்டது. ஜப்பானியக் கடற்படைத் தலைவர் யாமமோட்டோ ஏறிச்சென்ற விமானத்தை 1943 ஏப்ரலில் சுட்டு வீழ்த்தியது இதுவே. மற்றொன்று பெல் கம்பெனியின் ‘ஏராகோப்ரா’. ஏராகூடாவின் 37 மில்லிமீட்டர் பீரங்கி இதன் மூக்கில் அமர்ந்தது; எஞ்சின் விமானிக்குப் பின்னால் இருந்து, நீண்ட அச்சு ஒன்றின் மூலம் முன்னால் உள்ள விசிறியைச் சுழற்றிற்று. ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு மேல் செய்யப்பட்ட இவற்றில் ஏறக்குறைய பாதி சோவியத் ரஷ்யாவுக்குப் போயின. அங்கே இவை ஜெர்மானியரிடம் காட்டிய கைவரிசை பிரசித்தம். பெல் கம்பெனியே பின்னர் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானத்தை 1942-லும், ஒலியின் வேகத்தைத் தாண்டிய முதல் விமானத்தை 1946-லும் ஆகாயத்தில் ஏற்றிற்று.

ஏராகூடாக்களோ அங்கங்கே சில விமான நிலையங்களில் பிரிந்து கிடந்து, சோதனைக்கும் படப்பிடிப்புக்கும் பயன்பட்டன. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய பிறகு, எஞ்சியவற்றை இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் உள்ள சானூட் பீல்டு என்ற ராணுவப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். பறப்பதற்காக அல்ல. விமானங்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள் அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகினார்கள். பழுது பார்ப்பதற்கு அவற்றில் விஷயம் குறைவில்லை. 1942-ல் அவையும் உடைத்து உருக்கப்பட்டன. 13 விமானங்களில் ஒன்றுகூட இன்று எந்தக் காட்சிசாலையிலும் இல்லை.